மூன்றாவது கண்மாய்

மேலூரைத் தாண்டி மூன்றாவது கண்மாய்க் கரையில் நிற்கிறோம். கார் கூரையில் காற்றடித்த கயாக் படகு. எனக்கும் என் கணவருக்கும் துடுப்பும் புதிது, தூண்டிலும் புதிது. முதல் கண்மாய் முழுக்கக் கருவேல முள், படகு கிழிந்துவிடும். இரண்டாவது ஆழம்; அவருக்கு நீச்சல் தெரியாது. இங்கே முள்ளில்லை, தண்ணீரும் இடுப்பளவுதான். நான் தூண்டிலை எடுத்துவிட்டேன்.

மாடு குளிப்பாட்டிக்கொண்டிருப்பவர் கையைக் காட்டித் தடுக்கிறார். "தங்கச்சி, ஞாயித்துக்கெழம மீன்பிடித் திருவிழா. அதுவரைக்கும் எங்க ஊர்க்காரவுகளே தூண்டில் போட மாட்டோம்."

"அன்னைக்கு நாங்க வரலாமாண்ணே?"

"தாராளமா வாங்க. ஊர்ப் பெரியவரு கரையில நின்னு வெள்ளைத் துண்ட வீசுனதும் எல்லாரும் எறங்கலாம்."

"படகோடயா?"

மாட்டின் முதுகைத் தேய்த்தபடி யோசிக்கிறார். "ஊரே உள்ள நிக்கும். படகு எங்கிட்டுப் போகும்?"

என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். கார் கூரையைக் கண்ணாலேயே அளக்கிறார்.

"சரி, கொண்டாங்க. கரையில போட்டுத் தண்ணிய ஊத்துனா, பிடிச்ச மீனு அம்புட்டும் அதுல உசுரோட கெடக்கும்."

காலையிலிருந்து படகையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சிரிக்கிறார்.

"இந்தக் கண்மாயே இருக்கட்டும்" என்கிறார்.