மூடாத சாலையை மூடிய மிலோய்கா

1,846. மிலோய்காவின் போனில், வழிகாட்டும் செயலிக்குள், அவள் பெயருக்குக் கீழே நிற்கும் எண் இது. இத்தனை ஓட்டுநர்களுக்கு நீங்கள் உதவியிருக்கிறீர்கள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு மஞ்சள் கிரீடமும் போட்டிருக்கிறார்கள். அந்த 1,846 பேரிடமும் அவள் சொன்னது ஒரே பொய்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஐம்பத்தொன்பது வயது, கடற்கரை நகரத்துப் பள்ளியில் சமையல் வேலை. சோளக்களி அடிப்பிடித்துவிட்டால், பிள்ளைகள் முகம் சுளிப்பதற்கு முன்பே வெளியே வந்து, "இன்னிக்குத் தீஞ்சுபோச்சு, என் தப்புதான், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குங்க" என்று அறிவித்துவிடுவாள்.

எங்கள் ஊர் லோக்வினா. அதன் தெரு இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே ஒரு கார் அகலம்தான். கோடைச் சனிக்கிழமைகளில் ஆஸ்திரியா, ஜெர்மனி, செக் நாட்டுக் கார்களெல்லாம் குரோஷியக் கடலுக்கு ஓடும். நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால், கொஞ்சம் நேரம் மிச்சமாகும் என்று அவர்களுடைய போன்கள் எங்கள் ஊருக்குள் இறக்கிவிடும். சென்ற ஆண்டு ஜூனில் அப்படி இறங்கிய ஒரு கார், மிலோய்கா வீட்டு வாசல் வளைவில் அவளுடைய நாய் பிக்கோவை அடித்துவிட்டது. ஓட்டிவந்த பையன் நிற்காமல் ஓடவில்லை. இறங்கினான், அழுதான், போனைத் தூக்கிக் காட்டினான். "இதுதான் இந்தப் பக்கம் போகச் சொல்லுச்சு."

அவனை அவளால் வெறுக்க முடியவில்லை. போனை வெறுக்க முடிந்தது.

நாயைப் புதைத்தவர் வில்யெம். வளைவைத் தாண்டி மூன்றாவது வீடு, எழுபத்தொரு வயது, மனைவி இல்லை. எங்கள் மண்ணில் ஒரு சாண் தோண்டினால் பாறை. கடப்பாரையால் பாதி நாள் குத்தி ஒலிவ மரத்தடியில் குழி எடுத்தார். மண்ணைத் தள்ளி முடித்ததும், "ராத்திரியெல்லாம் குரைச்சவன் போயிட்டான், இனிமே நான் நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். மிலோய்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

நகராட்சிக்கு மனுப் போட்டாள். ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று ஒரு பலகை வந்தது. பலகையை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் போனைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த ஆண்டு யோசனை சொன்னவள் நெவெங்கா. ஊரின் ஒரே காபிக்கடை அவளுடையது, புருஷன் லாரி ஓட்டுகிறான். அதனால் இந்த விஷயமெல்லாம் தெரியும்.

"ஏண்டி, அந்தப் போன்லயே 'ரோடு மூடியிருக்கு'ன்னு அமுக்கினா என்ன? ஒருத்தி சொன்னா நம்பாது. அஞ்சு பேர் சொன்னா நம்பிடும். நம்ம ஊர் ஜனங்க மாதிரிதான் அதுவும்."

ஜூலை முதல் சனிக்கிழமை, தன்னுடையதோடு சேர்த்து ஊர்ப் பெண்கள் ஐந்து பேரின் போன்களையும் ஒரு காய்கறிக் கூடையில் போட்டுக்கொண்டு மிலோய்கா வளைவில் நின்றாள். ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கினாள். ஒரு மணி நேரத்தில் தெரு காலி. நெவெங்காவின் பேத்தி நடுத்தெருவில் சைக்கிள் விட்டாள். காபிக்கடையில் பெண்கள் காலையிலேயே சிவப்பு ஒயின் ஊற்றினார்கள். சில வாரத்தில் அந்தக் கிரீடம் வந்தபோது, "ராணியம்மா, மகுடம் விழுந்துடாம உக்காருங்க" என்று நெவெங்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

வில்யெமிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்க நினைத்து அல்ல. அவரிடம் இருப்பது பட்டன் போன், கூடைக்கு உதவாது, அவ்வளவுதான். அவர் சனிக்கிழமைகளில் மல்பெரி மரத்தடியில் மேசை போட்டுப் பீச் பழம் விற்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர்கள் அந்தக் கார்க்காரர்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நாலாவது சனிக்கிழமை, அவர் ஒரு பெட்டி பழத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றபோதுதான் மிலோய்காவுக்கு உறைத்தது.

"வச்சுக்கோ. அழுகறதுக்குள்ள ஜாம் போட்டுடு."

"விக்கலையா?"

"வந்தாத்தானே விக்கறதுக்கு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஏன்னு எனக்குத் தெரியும் மிலோய்கா."

அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பழங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

"போன வருஷம் ஒரு செக் நாட்டு அம்மா வந்தா. சிவப்புத் தொப்பி. என் ஓட்டை ஜெர்மனைக் கேட்டுச் சிரிச்சா. நல்ல மனுஷி. அவ பையில அடியில ரெண்டு அடிபட்ட பழத்தைத் தள்ளிட்டேன். ஏன் செஞ்சேன்னு எனக்கே புரியல. இப்பல்லாம் எதையும் போன்ல எழுதிப் போட்டுடறாங்களாமே? 'அங்க ஒரு கெழவன் ஏமாத்தறான், அந்தப் பக்கமே போகாதீங்க'ன்னு போட்டிருப்பா."

"ரெண்டு பழத்துக்கா?"

"ரெண்டுன்னாலும் ஏமாத்துனதுதானே."

அப்போதே சொல்லியிருக்கலாம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஜாமுக்கு எலுமிச்சை பிழியட்டுமா?" என்றாள் மிலோய்கா.

ஜாம் போட்டாள். ருசி பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கூடையோடு போய் நின்றாள், அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் திரை நன்றி சொன்னது. வில்யெம் இதற்கிடையில் மேசையைத் தேய்த்துக் கழுவினார். பழங்களை நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஜெர்மனில் ஓர் அட்டை எழுதி மாட்டினார். படிக்கத்தான் ஆள் இல்லை. மனைவி போனபிறகு அவர் வாய்விட்டுப் பேசுவதே அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, காபிக்கடையில், திங்களன்று ஆள் வருகிறான், பீச் மரங்களை வெட்டப்போகிறேன் என்றார்.

"ஆகஸ்டுல எவனாவது மரம் வெட்டுவானா? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா உங்களுக்கு?" என்றாள் நெவெங்கா.

"காய்ச்சுத் தொங்கறதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிலோய்கா கோப்பையைத் தள்ளிவைத்தாள். "நிறுத்திடலாம்டி."

"நிறுத்தினா? எம் பேத்தி சைக்கிளை உள்ள பூட்டி வைக்கணுமா? பிக்கோவுக்கு அடுத்து யாருன்னு பாக்கணுமா?"

"அந்த மனுஷன் செய்யாத தப்புக்குத் தன்னையே திட்டிக்கிட்டிருக்காருடி."

"செஞ்சாருல்ல, ரெண்டு பழம்?" நெவெங்காவுக்கே சிரிப்பு வரவில்லை. "போய்ச் சொல்லு. எம் பேரை மட்டும் இழுக்காத."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிலோய்கா ஒரு பாட்டில் ஜாமோடு போனாள். கூடை, வளைவு, கிரீடம் எல்லாவற்றையும் சொன்னாள். நெவெங்காவின் பெயரை இழுக்கவில்லை.

வில்யெம் ஜாம் பாட்டிலை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்ப அந்த அம்மா ஒண்ணும் எழுதலையா?" என்றார்.

"இல்ல."

அவர் தோள்கள் தளர்ந்தன. ஒரு கணம் சிரித்தாற்போலக்கூட இருந்தது. அப்புறம்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கார் வராததுக்கு எனக்குக் கோபமில்ல. நாயைப் புதைச்சவனே நான்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா மேசையை மடிச்சு வச்சுட்டு நானும் உன்கூட வந்து நின்னிருப்பேன். ஆனா உன் சமையக்கட்டுல உக்காந்து அத்தனையும் சொன்னேன் பாரு. நீ எலுமிச்சை பிழியட்டுமான்னு கேட்ட."

ஜாம் பாட்டிலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அவள் எதையும் மூடவில்லை. பத்து மணிக்குக் கார்கள் வரிசையாக இறங்கின. தன் காரில் அவசரத்துக்காகக் கிடந்த மஞ்சள் எச்சரிக்கை மேலங்கியை மாட்டிக்கொண்டு வளைவில் நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டி ஒவ்வொன்றையும் மெதுவாகப் போகவைத்தாள். நெவெங்காவின் பேத்தி கேட்டுக்குள் நின்று பார்த்தாள். வில்யெமின் மேசை மடித்துச் சாய்த்தபடியே இருந்தது. மல்பெரி நிழலில் ஒரு கார் நின்றது. ஓட்டிவந்த பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"இங்க பீச் விக்கறவர் இருப்பாரே?"

"அந்தப் பச்சைக் கதவைத் தட்டுங்க" என்றாள் மிலோய்கா.

கதவு திறந்தது. ஓட்டை ஜெர்மன் கேட்டது. அந்தப் பெண் இரண்டு பை நிறையப் பழத்தோடு திரும்பினாள். அவர் கூடவே கார்வரை வந்து, பைகளைத் திறந்து, அடியிலிருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் காட்டிவிட்டு உள்ளே போனார். வளைவின் பக்கம் பார்க்கவில்லை.

மரம் வெட்டும் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நெவெங்காவிடம் சொன்னார். மிலோய்காவிடம் இன்னும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அவள் மஞ்சள் மேலங்கியோடு வளைவில் நிற்பாள்.