பத்தாவது கிரகத்துக்கு ஒரு கட்டம்

ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் விட்ட செயற்கைச் சந்திரனுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு ஜோசியர் எள் தீபம் போடுகிறார் என்று 1957 கடைசியில் கொச்சி முழுக்கப் பேச்சு. எண்ணெய்க் கடையில் கேட்டால் ஆமாம் என்றார்கள். படகுத்துறையில் கேட்டால் தீபம் இரண்டு என்றார்கள். வீட்டுக்கே போய் விசாரித்ததில், ஜோசியர் வாஞ்சிநாதனின் மனைவி லோகாம்பாள் ஒரே வரியில் தீர்த்துவைத்தாள்: "இருக்கிற ஒம்பது கிரகத்துக்கே இங்க எண்ணெய் தெகையலை, பத்தாவதுக்கு எங்க போறது?"

ஆகவே தீபம் பொய். கிரகம் மட்டும் நிஜம்.

வாஞ்சிநாதன் பகலில் பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. சாயங்காலம் ஜாதகம் கணிப்பார். மிளகு எடையில் கறார், பிறந்த நேரத்தில் தாராளம். லக்னம் ஒரு ராசியில் இரண்டு மணி நேரம் நிற்கும், பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆனால் என்ன என்பார்.

அந்தத் தாராளத்துக்கு ஆபத்து ராமபத்ரன் ரூபத்தில் வந்தது. துறைமுகத்தில் வேலை, ரஷ்யா என்றால் உயிர். அக்டோபரில் பெண் பிறந்த மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, மேல புதுசா ஒண்ணு சுத்தறது. என் பொண்ணு ஜாதகத்துல அது எந்தக் கட்டத்துல?"

"அது இரும்பாக்கும். கிரகம் இல்லை."

"சனிக்கும் இரும்புதானே சொல்றேள்? எறணாகுளம் பிராட்வேல ஒரு ஜோசியர் சேர்த்து எழுதித் தரேன்னுட்டார். பதினோராம் நாள் புண்யாஹத்துக்குள்ள வேணும். ஆகாதுன்னா சொல்லுங்கோ, நான் படகு ஏறிக்கறேன்."

துறைமுகத்து வீடுகளின் ஜாதகமெல்லாம் ராமபத்ரன் சிபாரிசில் வருபவை. அவன் எறணாகுளத்துக்குப் படகேறினால் பின்னாலேயே பதினைந்து குடும்பம் ஏறிவிடும். வாஞ்சிநாதன் காகிதத்தை எடுத்தார்.

கிளம்பிய நேரத்தில் அது மேஷத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல ரஷ்யாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. பத்திரிகைக் கணக்குப்படி தொண்ணூற்றாறு நிமிஷத்துக்கு ஒரு சுற்று. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு எட்டே நிமிஷம். சனி இரண்டரை வருஷம் உட்காரும் இடத்தில் இது உட்காரக்கூட இல்லை. பத்து நிமிஷத் தாராளம் அன்றோடு செத்தது.

சரியான நேரம் எது? வழக்கப்படி, குழந்தை வெளியே வந்ததும் மருத்துவச்சி உள்ளேயிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடுவாள். காத்திருக்கும் தகப்பன் மணி குறித்துக்கொள்ள வேண்டும். தகப்பனோ அப்போது வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு ஸ்புட்னிக்கைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தான். அவன் திரும்பிப் பார்த்தபோது ஐந்து நாற்பது. பழம் எப்போது வந்தது என்பது பழத்துக்குத்தான் தெரியும்.

"உருட்டிட்டு, வெத்தல ஒரு வாய் போட்டு முடிச்சு எட்டிப் பாத்தேன். அப்பவும் கெடந்த எடத்துலதான் கெடந்துச்சு சாமி" என்றாள் மருத்துவச்சி மாயம்மாள்.

வாஞ்சிநாதன் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவளை மறுபடி வெற்றிலை போடச் சொன்னார். பதினொரு நிமிஷம்.

"ஆனா இது தளிருல்லா. அன்னைக்கு முத்தல்."

முத்தலும் வரவழைக்கப்பட்டது. பதினாறு நிமிஷம். இன்னொரு தடவை பார்ப்பதானாலும் மாயம்மாளுக்கு ஆட்சேபம் இல்லை.

சாப்பிடும்போதும் அவருக்கு அதே விசாரம். "கேட்டயா லோகா, இதை விட்டவன் நாளைக்கு மனுஷாளையே சந்திரனுக்கு அனுப்புவன். சந்திரன் நிக்கற இடந்தானே ராசி? சந்திரன்லயே ஒரு குழந்தை பிறந்தா அதுக்கு ராசி ஏது?"

"அங்க இருக்கிற ஜோசியர் பாத்துப்பர். நீங்க வெறுதே விசாரப்படாம ரசத்தை ஊத்திக்கோங்கோ."

பதினோராம் நாள் ஜாதகம் போய்ச் சேர்ந்தது. ஒன்பது கிரகமும் மையில்; மீனத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் பென்சிலில். பலன், தூர தேச யாத்திரை. ராமபத்ரன் அதைத் துறைமுகம் முழுக்கக் காட்டினான். எள் தீப வதந்தி ஏற்றப்பட்டது அங்கேதான்.

ஜனவரியில் ஸ்புட்னிக் விழுந்து எரிந்துபோயிற்று என்று பத்திரிகையில் வந்தது. அன்று காலையில் ராமபத்ரன் மிளகுக் கிடங்கு வாசலில் நின்றான். முகத்தில் ரஷ்யா இல்லை. மூன்று மாதக் குழந்தையின் தகப்பன்தான் இருந்தான்.

"மாமா, அது எரிஞ்சுடுத்தாமே. குழந்தைக்கு ஒண்ணும் வராதே?"

தோஷம், பரிகாரம் என்று சொல்லியிருந்தால் இவன் இன்னும் நாலு வருஷம் கைக்குள் இருப்பான். வாஞ்சிநாதன் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அது நான் பயந்து வச்ச புள்ளிடா. நீ போயிட்டா எல்லாரும் போயிடுவாளேன்னு. குழந்தைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மத்த ஒம்பதும் நன்னா இருக்கு."

ராமபத்ரன் பெருமூச்சு விட்டான். "அப்ப தூர தேச யாத்திரை?"

"அது குருவால. அது உண்டு."

யாரும் அவரை விட்டுப் போகவில்லை. பிராட்வேக்காரர் ஸ்புட்னிக்கை மையிலேயே எழுதித் தொலைத்திருந்ததால், அங்கே போன நாலு பேரும்கூட இங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஒரு சிக்கல் மிச்சம். பத்திரிகையைப் பார்த்த பயத்தில் ராமபத்ரன் மனைவி கமலாக்ஷி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டுவிட்டாள். புள்ளி வைத்தவர்தான் உடைக்க வேண்டும் என்கிறான் ராமபத்ரன். கேட்டவன்தான் என்கிறார் வாஞ்சிநாதன். அதைக் கீழே போட்ட ரஷ்யாக்காரன் உடைக்கட்டும் என்கிறாள் லோகாம்பாள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்; பிள்ளையார் இன்னும் காத்திருக்கிறார்.