அக்காவோடை கதைக்கிற லைன்

டென்மார்க்கிலை, சில்க்போர்க் ரவுணிலை யோகராஜாவைத் தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. யன்னல் செய்யிற பக்ரறியிலை கண்ணாடி பூட்டுற வேலை, ஞாயிறெண்டால் ஜெபச் சபையிலை கதிரை அடுக்கிற வேலை. மனிசன் வாய் திறந்தால் மூடமாட்டார். ஆனால் ஒரு சொல்லை மட்டும் அவருக்கு முன்னாலை ஆரும் சொல்லக்கூடாது. ஊமை. சின்ன வயசிலை பக்கத்து வளவுப் பெடியன் ஒருத்தன் அவற்றை அக்கா மேரிசெலினை அப்பிடிக் கூப்பிட்டுப் பல்லுடைபட்டுப் போனவன்.

அக்காவுக்குப் பிறவியிலையே காது கேளாது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லை. அக்காவும் தம்பியும் விளையாட்டோடை விளையாட்டாய்த் தாங்களே உண்டாக்கின கையசைவுதான் அவவுக்குப் பாஷை. தாய் போன பிறகு உலகத்திலை அது முழுசாய் விளங்கிற ஆள் யோகராஜா ஒருத்தர்தான். அவர் அதுக்கு வேறை பேர் ஒண்டும் வைக்கேல்லை. "நேற்று அக்காவோடை கதைச்சனான்" எண்டுதான் சொல்லுவார். அவருக்கு அது கதைக்கிறது, அவ்வளவுதான்.

தாயின்ரை செத்தவீட்டுக்கு அவர் போகேல்லை. லீவு இல்லை, அது இல்லை, இது இல்லையெண்டு ஆயிரம் சாட்டு. அதுக்குப் பிறகும் அக்கா ஐபாட்டிலை முகம் பாத்து அவரோடை கதைச்சா, சாப்பிட்டியோ எண்டு கேட்டா. ஆனால் வா எண்டு ஒருக்காலும் சொன்னதில்லை. இப்ப அவ ஈரல் பழுதாகி யாழ்ப்பாணம் ஆசுபத்திரியிலை கிடக்கிறா. போன ஞாயிறு யோகராஜா மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டார், நான் வரட்டோ எண்டு. அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினா. பிறகு சொல்லுறன் எண்டு கையைக் காட்டினா.

"அவ வா எண்டு சொல்லட்டும், அண்டைக்கே வெளிக்கிடுவன்" எண்டு மனிசி மனோன்மணியிட்டைச் சொல்லிச் சொல்லி அண்டு முழுக்க அந்த மனிசன் சாப்பிடேல்லை.

அடுத்த நாள் பாத்து வீட்டிலை இன்ரநெற் ரவுட்டர் செத்துப்போச்சு.

மேல்மாடியிலை வாடகைக்கு இருக்கிறது சுந்தரும் வைஷாலியும். கோயம்புத்தூர்ப் பிள்ளையள். புருசன் பெண்சாதி ரெண்டுபேருக்கும் கொம்பியூட்டர் வேலை, வீட்டிலை இருந்தே செய்யிறது. ஒரே லைனைத்தான் மேலையும் கீழையும் பங்குபோடுறது. சுந்தர் நல்ல பெடியன், குறை சொல்லக்கூடாது. "வாங்க அங்கிள், நானே பார்த்து செலக்ட் பண்றேன்" எண்டு யோகராஜாவையும் ஏத்திக்கொண்டு கடைக்குப் போனான்.

கடையிலை சுந்தர் முதல் காட்டினது ஒரு பெரிய பெட்டி. மேலை ஒண்டு, கீழை ஒண்டெண்டு பிரிச்சு வைக்கலாம், வீட்டிலை எல்லாரும் ஒரே நேரத்திலை படம் பாத்தாலும் தாங்குமாம். ஆனால் அது வெள்ளிக்கிழமைதான் வரும் எண்டான் டெனிஷ்காரப் பெடியன். தட்டிலை இருந்தது சின்னது.

"அங்கிள், கீழ நீங்க நெட்டை எதுக்கு யூஸ் பண்ணுவீங்க? சினிமா, சீரியல்?"

"சீச்சீ, அதொண்டும் இல்லைத் தம்பி. அக்காவோடை கதைக்கிறது மட்டும்தான்."

"சும்மா பேசறதுக்கா? அப்ப இதுவே தாராளம். பேசறதுக்கெல்லாம் பெரிய ஸ்பீடு வேணாம் அங்கிள்."

அந்த இடத்திலை யோகராஜா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். பாவி மனிசன், சொல்லேல்லை. சொல்லோணுமெண்டு அவருக்குத் தோன்றவே இல்லை. கெதியான பெட்டி வேணுமெண்டு அவர் நினைக்கேல்லை, பெட்டி கெதியாய் வேணுமெண்டுதான் நினைச்சார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டெண்டு சும்மாவோ சொன்னவை? "இதையே எடுப்பம் தம்பி" எண்டார்.

சுந்தர் அதை மேலை தன்ரை மேசைக்குப் பக்கத்திலை பூட்டினான். ஒஃபீஸ் வேலைக்கு முதலிடம், கீழ்வீட்டுக்கு மிச்சம் எண்டு செற் பண்ணினான். பேச்சுக்கு அது காணுமெண்டு மனசாரத்தான் செய்தான்.

அடுத்த நாள் பின்னேரம் யோகராஜா வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்டேல்லை, யூலியானா கூப்பிட்டாள். ஆசுபத்திரியிலை அக்காவோடை நிக்கிற அயல்வீட்டுப் பிள்ளை அவள்.

"மாமா, காலமை தொடக்கம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லுறா. எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. உங்களிட்டைத்தான் சொல்லோணும் போலை கிடக்கு."

ஐபாட்டைச் சாப்பாட்டு மேசையிலை நிமித்தி வைச்சார். அக்கா தெரிஞ்சா. முகம் மஞ்சளாய், கண் உள்ளுக்குப் போய்க் கிடந்தா. தம்பியைக் கண்டதும் தன்ரை காதுச்சோணையைத் தொட்டா. அவவின்ரை கையசைவிலை அது தம்பியின்ரை பேர். பிறகு கையைத் தூக்கினா. தூக்கின கை அப்பிடியே நிண்டுபோச்சு.

படம் இறுகிப்போச்சு. சத்தம் மட்டும் பக்கத்திலை நிண்டு கதைக்கிறமாதிரி வந்துது. "சொல்லுறா மாமா, சொல்லுறா. பாக்கிறியளோ?"

"தெரியேல்லைப் பிள்ளை. பொறுக்கச் சொல்லு அவவை!" காது கேளாத மனிசியைப் பொறுக்கச் சொல்லி ஆர் சொல்லுறது?

மனோன்மணி மாடிக்கு ஓடினா. மேலை ரெண்டுபேரும் காதிலை மாட்டிக்கொண்டு மீற்றிங்கிலை இருந்தவை. கதவை உடைக்கிறமாதிரித் தட்டின பிறகுதான் சுந்தர் இறங்கி வந்தான். யூலியானாவின்ரை குரல் அவனுக்கும் கணீரெண்டு கேட்டுது.

"வாய்ஸ் நல்லாத்தானே வருது அங்கிள்? பேசுங்க."

யோகராஜா ஐபாட்டை அவன்ரை பக்கம் திருப்பினார். "தம்பி," எண்டார், "அக்கா ஊமை."

அந்தச் சொல் அவற்றை வாயாலை வந்தது அதுதான் முதல்தரம். சுந்தரின்ரை முகம் வெளிறிப்போச்சு. பாய்ஞ்சு ஏறி எல்லா மீற்றிங்கையும் அறுத்தான். படம் வந்துது. அக்காவின்ரை கை போர்வைக்கு மேலை கிடந்துது, கண் மூடியிருந்துது. நேர்ஸ் ஒராள் நாடி பிடிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டா.

அக்கா பிறகு கண் திறக்கேல்லை. விடிய முன்னம் சீவன் போட்டுது.

சபையாக்கள் வந்து ஜெபம் பண்ணிச்சினம். சுந்தர் வாசலிலை நிண்டு அழுதான். யோகராஜா அவனை ஒரு சொல்லும் ஏசேல்லை. எல்லாரும் போன பிறகு யூலியானாவை ஐபாட்டிலை கூப்பிட்டார். மேலை கொம்பியூட்டர் ஒண்டும் ஓடேல்லை, படம் நல்ல தெளிவு.

"பிள்ளை, அவ கடைசியாய்க் கையை என்னமாதிரிக் காட்டினவ? எனக்கு ஒருக்காச் செய்து காட்டு."

யூலியானா கையைத் தூக்கி உள்ளங்கையை நெஞ்சுப்பக்கம் மடக்கினாள். அக்காவின்ரை பாஷையிலை அது, வா. யோகராஜாவுக்குக் கண் நிறைஞ்சுபோச்சு.

"இல்லை மாமா, பொறுங்கோ. இப்பிடியோ தெரியேல்லை." உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பித் தள்ளினாள். அது, வராதை.

"எது பிள்ளை? வடிவாய் யோசிச்சுச் சொல்லு."

"ஞாபகமில்லை மாமா. நீங்கள் பாக்கிறியள்தானே எண்டு நான் ஃபோனைத்தான் வடிவாய்ப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." யூலியானா மூக்கைத் துடைச்சாள். "சனிக்கிழமை அடக்கம். வாறியளோ மாமா?"

"எனக்கெப்பிடித் தெரியும் பிள்ளை" எண்டார் யோகராஜா.