பன்னிரண்டாம் நாள் பேசிய கேசட்

உம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் தையல் பிரித்து, வாடகைக் காரில் எங்கள் ஊரான புதுமடத்துக்குக் கூட்டிவந்தார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒரு பள்ளத்தையும் விடவில்லை.

சவூதியில் இருந்த வாப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் அன்றே கிளம்பிவிடுவார். ஒப்பந்தம் முடியாமல் வந்தால் அந்த வேலைக்குத் திரும்பப் போக முடியாது. அதனால் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று உம்மா கட்டளையிட்டிருந்தாள்.

ஆனால் மாதம் ஒரு கேசட் போயாக வேண்டும். அப்போதெல்லாம் விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் பத்து வீட்டுக் குரலாவது போகும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மறுநாள் புறப்படுவதாக இருந்தார். அன்று அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள்.

உம்மா படுத்தபடி பேசிப் பார்த்தாள். குரல் மெலிந்து வந்தது. உட்கார்ந்தாலும் அப்படியே. கடைசியில் வயிற்றில் தலையணையை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். பொத்தானை அழுத்துவது என் பொறுப்பு. அம்மியில் அரைப்பது, வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த உம்மாவின் தங்கை, என் சாச்சியின் பொறுப்பு. உம்மா எப்போதும் மசாலா அரைத்துக்கொண்டேதான் கேசட்டில் பேசுவாள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வாப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம்.

“ஏடி, கோழி கெளறுற மாதிரி அரைக்காத. அழுத்தி இழு. ஒங்க மச்சான் கண்டுபிடிச்சுருவாக.”

“அம்மிச் சத்தத்துல ஆளத் தெரியுமாக்கும் மச்சானுக்கு?”

“பதிமூணு வருசமாக் கேக்குறாகள்ல.”

“அப்ப நீ பேசுறத என்னைக்குமே கேட்டதில்ல லாத்தா. அம்மியத்தான் கேட்டுருக்காக!”

உம்மா சிரித்துவிட்டாள். ஆறாத வயிற்றுக்குச் சிரிப்பைவிடப் பெரிய எதிரி கிடையாது. தலையணையை அமுக்கிக்கொண்டு குனிந்தவள், கண்ணில் நீரோடு, “அழிச்சுட்டு மொதல்ல இருந்து போடு புள்ள” என்றாள்.

இரண்டாவது முறை, கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும், முப்பது நிமிடம், நின்றபடியே பேசினாள். மழையைப் பற்றி, ஆடு போட்ட குட்டியைப் பற்றி, என் கணக்கு மார்க்கைப் பற்றி. நடக்காத ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததாகவும், அங்கே பிரியாணியில் உப்புக் குறைவு என்றும் சொன்னாள். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன; குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் கட்டிலில் சரிந்தாள்.

“அல்லா மன்னிக்கட்டும். அந்தக் கல்யாணம் கொஞ்சம் அதிகம்தான்.”

அவளைப்போல் ஒரு ஆள் உலகத்தில் கிடையாது என்று அன்று முடிவுசெய்தேன். இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

முப்பத்தெட்டு நாள் கழித்துப் பதில் கேசட் வந்தது. “ஒன் குரலக் கேட்டாலே தெரியுது, நீ நல்லாருக்கேனு. இனிமே எனக்குக் கவலையில்ல” என்று வாப்பா தொடங்கினார். அந்தப் பாராட்டில் பாதி தன் அம்மிக்கு என்றாள் சாச்சி. உம்மா முகமெல்லாம் சிரிப்பு. இப்போது வலிக்காமல் சிரிக்க முடிந்தது.

அடுத்து, “எனக்கும் ஒரு கொறையுமில்ல. வேல, சாப்பாடு எல்லாம் நல்லாத்தான் போகுது” என்றார். உம்மாவின் சிரிப்பு நின்றது.

“அந்த எடத்த இன்னொரு தடவ போடு.”

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். வாப்பாவின் கேசட்டில் எப்போதும் அறைத்தோழர்களின் பேச்சும் தட்டுச் சத்தமும் பின்னால் கேட்கும். இதில் அவர் குரல் மட்டும்தான், அதுவும் தேவைக்கு மேல் உரக்க.

எதையோ மறைத்துப் பேசும் கேசட் எப்படித் தயாராகிறது என்பது உம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியவள் நான்தானே. ஆனால் ரெக்கார்டரில்தான் கோளாறு என்று நினைத்தேன். பஞ்சைச் சென்ட்டில் நனைத்து, ரெக்கார்டருக்குள் நாடா உரசும் ஹெட்டை மூன்று முறை துடைத்தேன்.

“இப்பக் கேளுங்க உம்மா” என்றேன் பெருமையாக. “எல்லாச் சத்தமும் கேக்கும்.”