கிணற்றுக் கூனர்கள்

அந்த ஆட்டத்தை விளக்கச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிக்கிறவன் என்று ஒருவன் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வாளை ஓங்கினால் வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். இதைச் சொல்லி முடித்ததும் கேட்பவர், “அப்புறம் எதுக்குங்க ஆடறீங்க?” என்பார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆட்டம் எங்களுக்கு வந்தது பேங்க் ஆபீசர் ஒருவர் மூலமாக. பெங்களூரிலிருந்து தர்மபுரிக்கு மாற்றலாகி வந்தவர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தட்டுத் தடுமாறித் தமிழ். எங்கள் வயசுதான், ஆனாலும் பேங்க் என்பதால் ‘சார்’ ஆகிவிட்டார். அவருடைய சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்த பெட்டி அது, உள்ளே புத்தகமும் பகடையும். கதை சொல்கிறவர் அவர். ஆடுகிறவர்கள் மூன்று பேர்: நான், ஞாயிறு பூசை முடிந்து நேராக சைக்கிளில் வந்துவிடும் ஒரு கிறிஸ்தவ நண்பன், தர்மபுரிக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த வீட்டுப் பையனான பாய். பாய் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், அவனும் எங்களை வாய்க்கு வந்தபடி கூப்பிடுவான்.

ஆடும் இடம் அதியமான்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் வீடு. காரணம் என் அம்மா.

அம்மாவுக்கு முதுகு வளைந்து, கழுத்து குனிந்தபடியே இறுகிப் போயிருந்தது. ஐம்பது வயசுகூட ஆகவில்லை. சேலம் பெரியாஸ்பத்திரியில், போர்க் குழாய்த் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு உப்பு எலும்பில் ஏறிவிட்டது, தண்ணீரை மாற்றுங்கள் என்றார் டாக்டர். சட்டையை மாற்று என்பது போலச் சொன்னார். எந்தத் தண்ணீருக்கு மாற்றுவது? சுற்றுவட்டாரத்தில் எந்தக் குழாயை அடித்தாலும் அதே பாறைக்கு அடியிலிருந்துதான் தண்ணீர் வந்தது. எங்கள் எல்லோருக்கும் பல்லில் பழுப்புக் கறை. அம்மாவுக்கு எலும்பு வரைக்கும் போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தலையை நிமிர்த்த முடியாததால் நிற்கிற ஆட்களின் முகம் அம்மாவுக்குத் தெரியாது. காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும். “உன் பெரியப்பா வந்திருக்கறாரு, செருப்பு புதுசு” என்னும். எங்கள் ஆட்டமோ தரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஆடுவது. அம்மா மணையைப் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் நான்கு முகங்களும் தெரியும். வாரத்தில் ஒரு மதியம் மனிதர் முகத்தைப் பார்க்கக் கிடைத்தது. நான் வேறு எங்கேயாவது ஆடலாம் என்று சொல்வேனா?

ஒரு கோடையில் சார் புதுப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தார். முழுக்கப் புது அரக்கர் இனங்கள், பக்கத்துக்கு ஒரு படம். நாங்கள் அதன்மேல் விழுந்தோம். விழுந்த வேகத்திலேயே சண்டை ஆரம்பித்தது. சிறகு முளைத்த இனம் ஒன்றைப் பார்த்துவிட்டு பாய், “இதெல்லாம் ஒரு ராட்சசனா? மசாலா தடவுனா மத்தியானத்துக்கு ஆவும்” என்றான். கிறிஸ்தவ நண்பன் கொம்பு வைத்த பக்கங்களை எல்லாம் மடக்கி வைக்கச் சொன்னான். “பூசைக்குப் போயிட்டு வந்து இவனுங்க மூஞ்சில முழிக்க முடியாது சார்.” எனக்கோ பழைய அரக்கர்களை விட்டுக்கொடுக்க மனசில்லை. தவளைத் தலையர்களோடு ஒரு வருஷமாகப் போராடி இப்போதுதான் அவர்கள் குணம் பிடிபட்டிருந்தது. “பழசையே ஒழுங்கா கொல்லத் தெரியல, அதுக்குள்ள புதுசு எதுக்கு?” என்று கத்தினேன். சார் சொந்தப் பிள்ளையைக் குறை சொல்லிவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பாழுங்கிணற்றின் ஓரத்தில், பழுப்புப் பல்லைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம்.

“டேய், நம்ம ஊர்க்காரன்டா!” என்று கிறிஸ்தவ நண்பன் தன் பல்லைக் காட்டினான். பாயும் காட்டினான். நானும் காட்டினேன். எங்கள் ஜில்லா வெளிநாட்டுப் புத்தகத்தில் வந்துவிட்டது என்று தொடையைத் தட்டிச் சிரித்தோம். சார் அதற்குத் தமிழில் பெயரே வைத்தார்: கிணற்றுக் கூனர்கள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் பல்லை விட்டு உடம்பைப் பார்த்தோம். வளைந்த முதுகு. மார்பில் இடிக்கிற மோவாய். கீழிருந்து மேலாகப் பார்க்கிற கண்.

அந்த நேரம் பார்த்து அம்மா அவித்த நிலக்கடலைத் தட்டோடு வந்தது. சார் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். மேசைமேல் இருந்திருந்தால் தப்பித்திருக்கும். தரையில் இருப்பது மட்டும்தான் அம்மா கண்ணுக்கு முதலில் படும்.

“கைய எடுங்க சார்” என்றது.

எடுத்தார். அம்மா நின்றபடியே வெகுநேரம் பார்த்தது.

“இவங்களுக்கும் நம்மூரு தண்ணிதானா?”

பாய் கடலைத் தட்டை அம்மா கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

“ஆட்டத்துல இவங்கள என்னா பண்ணுவீங்க?”

கொல்வோம். ஒரு கூனனைக் கொன்றால் இத்தனை பாயிண்ட் என்று படத்துக்குக் கீழேயே அச்சடித்திருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை நினைத்து ஜென்மத்தில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். பாய்தான் முந்திக்கொண்டான். “மருந்து குடுத்து நிமித்தறதுதாங்கம்மா ஆட்டமே.”

அம்மா மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. “அப்ப நிமித்துங்க, பாக்கறேன்.”

புத்தகத்தில் இல்லாத ஒரு ஆட்டத்தை சார் அங்கேயே உட்கார்ந்து கட்டினார். மலை உச்சியில் ஒரு சுனை. அந்தத் தண்ணீரைக் கீழே கொண்டு வந்து கொடுக்க வேண்டும். வழியெல்லாம் தவளைத் தலையர்கள். கூனரிடம் போய்ச் சேர்ந்தாலும் பகடையில் பதினைந்துக்கு மேல் விழுந்தால்தான் முதுகு நிமிரும். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேரை நிமிர்த்தினோம். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போகும்போது, “பரவால்ல, நல்ல ஆட்டந்தான்” என்று சொல்லிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு நாங்கள் வேறு எதையும் ஆடவில்லை. சிறகு முளைத்தவர்களும் கொம்பர்களும் புத்தகத்திலேயே கிடந்தார்கள். கிறிஸ்தவ நண்பன் தன் வாள்வீரனை விட்டுவிட்டுத் தானே ஒரு கூனனாக வேஷம் எடுத்தான். நான் வெளியே போயிருந்தாலும் வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “அடுத்த வாரம் எத்தினி பேர நிமித்தப் போறீங்க?” என்பதுதான். அதே மாதங்களில்தான் அம்மாவுக்கு இடுப்பும் இறுகியது. கடலைத் தட்டை நாங்கள் எடுத்து வர வேண்டியதாயிற்று. பிறகு மணையிலும் உட்கார முடியாமல் போய், சுவரோடு சாய்த்து வைத்தோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகடை எங்களை வஞ்சித்தது. எத்தனை முறை உருட்டினாலும் சின்ன எண்ணே விழுந்தது. சாயங்காலம் வரை ஒருவர்கூட நிமிரவில்லை. சார் தயங்கித் தயங்கி, “நிமிந்துட்டாங்கன்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். “வெச்சிக்கலாம் சார், யாரு கேக்கப் போறா!” என்று நான் கிட்டத்தட்ட அழுதுகொண்டே சொன்னேன். அம்மாவுக்காகத்தான் சொன்னேன்.

“வேணாங்க சார்” என்றது அம்மா, சுவரோரத்திலிருந்து. “உழுந்தது உழுந்ததுதான். பொய்யா நிமித்துனா நெஜமா நிமுந்தவங்களையும் நம்ப முடியாமப் போயிரும்.”

சார் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார்.  

அவர் ஷிமோகாவுக்கு மாற்றலாகிப் போன மறு வருஷம் அம்மா இறந்தது. மழைக்காலம். செய்தி அனுப்பியதும் பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டார். அவருக்கு முன்பே மற்ற இருவரும் வந்திருந்தார்கள். அம்மாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தோம். கிடத்தினோம் என்றுதான் சொல்ல முடியும். செத்த பிறகும் அந்த எலும்பு இளகவில்லை. முதுகு பெஞ்சில் பட, தலை மட்டும் அந்தரத்தில் நின்றது. பக்கத்து வீட்டார் தலையணைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். நிமிர்த்தி விடலாமா என்று ஒருவர் கழுத்தில் கை வைத்தார். அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

சார் வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். பழக்க தோஷம், எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவுக்கு முகம் தெரிய வேண்டும் என்று உடனே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அன்றும் பெஞ்சின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்தார்கள். ஆனால் மல்லாக்கக் கிடத்தியதில் அந்த வளைந்த கழுத்து அம்மாவின் முகத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. கால்மாட்டில் நிற்கிறவர்களுக்கு நேராக இருந்தது முகம். இத்தனை வருஷம் கழித்து, நிற்கிற ஆளுக்கு நேராக.

“எந்திரிங்க சார், எந்திரிங்கடா” என்றேன். “இப்ப நின்னாத்தான் அம்மாவுக்குத் தெரியும்.”

மூவரும் எழுந்து நின்றார்கள். அம்மாவின் கண்ணைப் பக்கத்து வீட்டார் முன்பே மூடிவிட்டிருந்தார்கள்.