மூன்று சனிக்கிழமை, ஒரு இயர்போன்

போன சனிக்கிழமை பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு கடையில் சண்டை போட்டேன். ரோட்டில் போன நாலு பேர் நின்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை.

கடை சலீம் பாயுடையது. சின்ன இடம்தான், சுவர் முழுக்க சார்ஜர், போன் கவர், இயர்போன். துபாயில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். சண்டைக்குக் காரணம், காதுக்குள் செருகுகிற ஒரு மலிவு இயர்போன். மூன்று வாரத்தில் மூன்றாவது தடவை அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறியிருந்தேன்.

இந்த வயதில் இவளுக்கு எதற்கு இயர்போன் என்கிறீர்களா? சொல்கிறேன், அவசரம் இல்லை.

நான் மூணாங்கிளாஸோடு நின்றவள். இந்தப் பத்தியே நான் போனில் பேசி அனுப்ப, பேப்பர் ஆபீஸில் எழுத்தாக்கிப் போடுவதுதான். பஸ் போர்டு படிப்பேன். பாசுரப் புத்தகம் படிக்க வராது. ஆனாலும் எங்கள் தெருப் பெண்கள் கோஷ்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து சொல்கிறவள் நான். எல்லாம் சந்தை சொல்லிப் படித்தது. அதாவது, சொல்லிக் கொடுப்பவர் ஒரு அடியை ஒரு தடவை சொல்வார். நாம் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு வேலையே இல்லை. காதுதான் புத்தகம்.

சொல்லிக் கொடுக்கிற மாமி இப்போது மகளோடு பெங்களூரு போய்விட்டார். குரலைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இந்த ஏகாதசிக்குப் புதிதாக இருபது பாசுரம். மற்றவர்கள் கையில் புத்தகம் இருக்கும். மறந்தால் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். நான் எதைப் பார்ப்பது?

முதலில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் சொன்னேன். பக்கத்து போர்ஷனில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ராகவன் வந்து நின்றான்.

"மாமி, என் ஆபீஸ் மீட்டிங்ல என்னைவிட நீங்கதான் ஜாஸ்தி பேசறேளாம். மேனேஜர் சொல்றார்."

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பாய் கடைக்குப் போனேன்.

பாய் ஒன்றை எடுத்து என் காதில் வைத்து ஒரு பாட்டைப் போட்டார். டமார் டமார் என்று மண்டைக்குள் தவில்.

"பேஸ் எப்படிம்மா? இந்த விலைக்கு எங்கயும் கிடைக்காதுங்க!"

"எனக்கு எதுக்கு பாய் இடியும் மழையும்? இதப் போடுங்க" என்று என் போனைக் கொடுத்தேன்.

நாற்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவள் நான். வடை வெந்ததை அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வேன். எண்ணெயின் சலசலப்பு அடங்கும் பாருங்கள்… அதுதான் பதம். அந்தக் காதுக்கு அட்டைப் பெட்டியில் அச்சடித்த பெருமையெல்லாம் எதற்கு? நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போட்டுக் கேட்டேன். மாமி ஒரு அடி முடித்து அடுத்த அடிக்கு முன்னால் மூச்சு இழுப்பார். மூச்சு கேட்டால்தான் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு இயர்போனில் குரல் இருந்தது, மூச்சு இல்லை. மூன்றாவதில் லேசாக இருந்தது. பாய் அதன் ரப்பரைக் கழற்றி இன்னும் சின்னதாக ஒன்றை மாட்டினார். காதில் சரியாக உட்கார்ந்ததும் மாமி பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரியே இருந்தது.

"இதான் சரக்கு" என்றேன்.

"எங்க கடைக்கே வேலைக்கு வந்துடுங்கம்மா" என்றார் பாய்.

நாலு நாள் சுகம். சனிக்கிழமை காலையில் இடது பக்கம் மங்கிவிட்டது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. கொண்டுபோனேன். பாய் உடனே மாற்றிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அதுவும் இடது பக்கம். மறுபடியும் மாற்றிக் கொடுத்தார்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். கோஷ்டியில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன்: "அந்தக் கடைப் பக்கமே போகாதீங்கோ. எல்லாம் ஒரு வாரச் சரக்கு." இரண்டு பேர் அவரிடம் வாங்க இருந்தவர்கள், வாங்கவில்லை. கோஷ்டியை நடத்துகிற ஜெயா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாமி, பாதிகூட இன்னும் வரலியே. சிரமமா இருந்தா இந்தத் தடவை பின்னாடி உக்காந்து கேட்டுண்டிருங்கோ."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

அந்தச் சூட்டோடுதான் போன சனிக்கிழமை போனேன். மூன்றாவதும் இடது பக்கம் மங்கல்.

"மலிவுன்னா ஏமாத்தலாமா பாய்? படிக்காதவதானேன்னு நெனச்சீங்களா?"

பாய் ஸ்டூலை நகர்த்தினார். "உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. எனக்கு ஒரு சந்தேகம். இதே மாடலை இந்த மாசம் நெறைய பேர் வாங்கியிருக்காங்க. ஒருத்தரும் திரும்பி வரலை. நீங்க மட்டும் வர்றீங்க, அதுவும் சரியா சனிக்கிழமை. இடது பக்கம் மட்டும். அது எப்படிம்மா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் இடது பக்கத்து ரப்பரைக் கழற்றினார். உள்ளே ஊசி முனை அளவில் வலை. அதன் மேல் டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்தி எடுத்து என் முன்னால் நீட்டினார். வட்டமாக ஒரு கறை, பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி. மேஜை டிராயரிலிருந்து நான் திருப்பிக் கொடுத்த பழைய இரண்டையும் எடுத்தார். அதிலும் அதே வட்டம்.

எனக்குத் தெரியாத எண்ணெயா? மோந்தே பார்த்தேன். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.

வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பேன். இடது காது எப்போதும் குறுகுறுக்கும். அதில் மட்டும் இரண்டு சொட்டு விடுவேன். குளித்து முடித்து மத்தியானம் இயர்போன் மாட்டினால் எண்ணெய் எங்கே போகும்? வலை அடைத்துக்கொண்டது. என் காதை நானே வடைச்சட்டி ஆக்கியிருக்கிறேன்.

பாய் சின்ன பிரஷ்ஷால் துடைத்து மாட்டிக் கொடுத்தார். மாமி மூச்சு இழுத்தார்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா? "சரி பாய், பஸ்ஸுக்கு நாழியாச்சு." அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை யாரையும் பார்க்கவில்லை. மலிவுச் சரக்கைச் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! விலை குறைவென்றால் தப்பு அதன் பேரில்தான். நம் காதின் பேரில் இருக்கும் என்று யாருக்காவது தோன்றுமா?

திங்கட்கிழமை கோஷ்டியில் அதே பத்துப் பேர் முன்னால் உள்ளதைச் சொன்னேன். ஜெயா விழுந்து விழுந்து சிரித்தாள். வாங்காமல் விட்ட இரண்டு பேரையும் பாய் கடைக்குப் போகச் சொன்னேன். ராத்திரி பகல் பார்க்காமல் சந்தை சொன்னேன். ஏகாதசியன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். பதினேழாவது பாசுரத்தில் ஒரு இடத்தில் தடுக்கியது. மூச்சு இழுத்துக்கொண்டு பிடித்துவிட்டேன்.

ஒரு பாக்கிதான் மிச்சம். நேரில் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. ஆனால் பாய், அன்று உங்கள் கல்லா மேல் மடித்துக் கிடந்தது நம்ம பேப்பர்தான், பார்த்தேன். ஆகவே, பாய்… குற்றம் உங்கள் சரக்கில் இல்லை, என் காதில்தான். மன்னிச்சுக்குங்க.

நேற்று வெள்ளிக்கிழமை. தலைக்கு மட்டும்தான் எண்ணெய்.