கோயிலடியிலிருந்து வந்தவர்கள்

பிள்ளைகளை ஒரு பகல் முழுவதும் வீட்டுக்கு வெளியே வைத்திருப்பது எப்படி என்பதை நான் வியன்னாவைப் பற்றிய கட்டுரை ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டேன். வியன்னாவுக்கு நான் போனதில்லை. பிள்ளைகளோடு தனியே ஒரு பகலைக் கழித்ததும் இல்லை. இந்த இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று எப்படியோ நம்பினேன்.

காரணம் அக்காவின் சோதனை. ரொறொன்ரோவின் ஸ்கார்பரோப் பகுதியில், மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மென்டில் அக்காவும் அத்தானும் மூன்று பிள்ளைகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்து முழங்கால் தேய்ந்த அக்கா, கதிரையில் இருந்து செய்யக்கூடிய சம்பளக் கணக்கு வேலைக்காகப் படித்தாள். அதற்கான இறுதிச் சோதனையை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். ஆனால் எங்கோ இருக்கும் ஒருவர் கமெரா வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் இன்னொரு முகம் தெரிந்தாலோ குரல் கேட்டாலோ சோதனை ரத்து. முதல்முறை எழுதியபோது மூன்று வயதுச் சின்னவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தான் யாருடைய உதவியும் இல்லாமல் கக்கூசுக்குப் போய்வந்த வெற்றியைத் தாய்க்கும் கமெராவுக்கும் சேர்த்து அறிவித்தாள். சோதனை அத்தோடு முடிந்தது. இது இரண்டாம் முறை.

அன்று சனிக்கிழமை. அத்தானுக்கு ஒஷாவாவில் வேலை. ஆகவே அக்கா என்னைக் கேட்டாள்.

“நாலு மணி மட்டும். அதுக்கு முன்னம் ஒருத்தரும் இந்தப் படி இறங்கக் கூடாது. இந்த முறையும் பிழைச்சால் நான் பக்டரியிலையே நிண்டு கிழடாக வேண்டியதுதான். ஏலுமே உனக்கு?”

“ஓம்,” என்றேன். அதிகம் பேசாதவர்களுக்கு இது ஒரு வசதி: ஒரே சொல்லில் எவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கும் சம்மதித்துவிடலாம்.

வியன்னாக் கட்டுரை பிள்ளைகளை வயதின்படி பிரித்திருந்தது. மிகச் சிறியவர்களுக்குத் தொட்டுப் பார்க்க ஏதேனும் வேண்டும். இடைப்பட்ட வயதினருக்கு வியப்பு வேண்டும். பதின்ம வயதினருக்கு மரியாதை வேண்டும். நான் அதை அப்படியே ரொறொன்ரோவுக்குக் கொண்டுவந்தேன். எட்டு வயது நடுவிலானுக்கு அருங்காட்சியகத்தில் டைனசோர் எலும்புகள். சின்னவளுக்கு நீரூற்று. பதின்மூன்று வயது மூத்தவளுக்குத் தீவுக்குப் போகும் படகும், பின்னணியில் நகரத்தின் கட்டடங்கள் தெரியும் ஒரு புகைப்படமும். இலக்கியம் படிப்பவள் என்பதால் அந்தப் பகலுக்குத் தொடக்கம், வளர்ச்சி, உச்சம் என்ற அமைப்பையும் கொடுத்தேன். நடுவில் ‘சிந்தனைக்கான இடைவேளை’ என்று ஒன்று இருந்தது. அந்த இடைவேளையில் நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசிப்பதாக இருந்தேன்.

பஸ்ஸில் ஏறி மூன்றாவது தரிப்பைத் தாண்டுவதற்குள் என் அமைப்பு சரியத் தொடங்கியது.

“சித்தி, அந்த மியூசியத்துக்கு ஸ்கூலாலை எத்தினை தரம் போயிட்டம்,” என்றாள் மூத்தவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அங்கை இருக்கிற எலும்பு எல்லாம் உண்மையான எலும்பு இல்லை. டீச்சர் சொன்னவா,” என்றான் நடுவிலான்.

“சித்தி, சூச்சூ,” என்றாள் சின்னவள்.

வியன்னாக் கட்டுரையில் இதற்கு இடமே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அந்த நகரத்துப் பிள்ளைகள் வேறு வகையினராக இருக்க வேண்டும். அடுத்த தரிப்பில் இறங்கி, எதிரே இருந்த பூங்காவின் கழிவறைக்கு மூவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். காரியம் முடிந்து வெளியே வந்தபோது காற்றில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழின் வாசனை வந்தது. மீனும் நண்டும் புளியும் கலந்த அந்த வாசனையை வேறெதுவாகவும் எண்ண முடியாது.

மரங்களுக்கு அப்பால் கூடாரங்கள். நூற்றுக்கணக்கில் நம்மவர்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் ஊரின் பெயர் எழுதிய பதாகை. கோடையில் சனி ஞாயிறுகளில் ஸ்கார்பரோவின் ஒவ்வொரு பூங்காவும் யாழ்ப்பாணத்தின் ஏதோ ஓர் ஊராக மாறிவிடுவது இங்கே வழக்கம். ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். விளையாட்டுப் போட்டி, சாப்பாடு, பரிசு, நன்றியுரை. அந்த ஊர் எங்கள் ஊர் அல்ல. எங்கள் ஊரிலிருந்து அது இருபது மைல். இப்படியான விஷயங்களில் அது வேறு கண்டம்.

“மூண்டு வயதுப் பிள்ளையளின்ரை ஓட்டம் இப்ப தொடங்கப்போகுது. தாய் தேப்பன்மார் பிள்ளையளைக் கெதியாக் கொண்டுவாங்கோ,” என்றது ஒலிபெருக்கி.

தன் வயதை யாராவது சொன்னால் சின்னவள் அதைத் தனக்கான அழைப்பாகவே எடுத்துக்கொள்வாள். ஓடினாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள், சுடிதாரோடு தலையில் தொப்பியும் கழுத்தில் விசிலும் போட்டிருந்த ஓர் அன்ரி, அவளுடைய நெஞ்சில் இலக்கம் ஒட்டிவிட்டார்.

“ஆற்றை பிள்ளை?”

“அக்காவின்ரை. ஆனால் அன்ரி, நாங்கள்...”

“அக்கா எந்தப் பக்கம்?”

அவர் கேட்டது ரொறொன்ரோவின் பக்கத்தை அல்ல என்பது எனக்குத் தெரியும். சரியான பதிலும் தெரியும்: மன்னியுங்கள், நாங்கள் உங்கள் ஊரவர்கள் அல்ல. அந்த வாக்கியம் எழுவாய் பயனிலையோடு என் நாக்கில் தயாராக நின்றது. அதே நேரம் இன்னும் மதியமே ஆகவில்லை என்பதும், நான்கு மணி வெகு தொலைவில் இருப்பதும், என் கைவசம் பொய் எலும்புகளைத் தவிர வேறொன்றும் இல்லாததும் நினைவுக்கு வந்தன.

“கோயிலடி,” என்றேன்.

எந்த ஊரிலும் ஒரு கோயில் இருக்கும். கோயிலைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். தருக்கப்படி அதில் குற்றம் காண முடியாது என்று எண்ணினேன்.

அன்ரி என்னை ஒரு கணம் பார்த்தார். “ஓ, கோயிலடியோ,” என்றார். பக்கத்தில் கொடி பிடித்து நின்ற அங்கிளிடம் திரும்பி, “கோயிலடியாம்,” என்றார். “கோயிலடியோ!” என்று அங்கிள் கொடியைத் தாழ்த்தினார். அந்தக் குரலில் இருந்ததை நான் உறவின் கனிவு என்று விளங்கிக்கொண்டேன். தொனி, உட்பொருள், குறிப்பு ஆகியவற்றில் எனக்குப் பல்கலைக்கழகத்தில் மிக நல்ல புள்ளிகள்.

ஓட்டம் நடந்தது. சின்னவள் பாதி வழியில் நின்று ஒரு மஞ்சள் பூவைப் பிடுங்கி, அதைக் கொடி அங்கிளிடம் கொடுத்துவிட்டு, கோட்டைக் கடந்தாள். மூன்று பேரில் மூன்றாம் இடம். தன் உயரத்தில் பாதியளவு இருந்த பரிசுப் பெட்டியை அணைத்துக்கொண்டு, அதைத் திறக்க யாரையும் விடமாட்டேன் என்றாள்.

அதன் பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நடுவிலான் பேக்கரிப் பணிஸ் தின்னும் போட்டிக்குப் போனான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நூலில் ஆடும் பணிஸை வாயால் பிடிக்க வேண்டும். வீட்டில் பாணின் ஓரத்தைக்கூட வெட்டிக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறவன், நூலோடு சேர்த்துக் கடித்தான். மூத்தவள் மட்டும் ஒரு மரத்தடியில் நின்று என்னை முறைத்தாள்.

“சித்தி, இவையின்ரை பார்ட்டிக்கு நாங்கள் சும்மா வந்து நிக்கிறம். இது சரியான கிறிஞ்ச், வெக்கமா இருக்கு.”

“நாலு மணி மட்டும் நாங்கள் கோயிலடி.”

“அது எங்கை இருக்குது?”

“எனக்கும் தெரியாது.”

அவள் முதன்முறையாக என்னை மதிப்போடு பார்த்தாள். பதின்ம வயதினருக்கு மரியாதை வேண்டும் என்று கட்டுரை சொன்னது. அவர்கள் திருப்பிக் கொடுக்கும் மரியாதைக்கு நாம் பொய் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. சற்றுநேரத்தில் அவளுடைய வயதுப் பெண்கள் நால்வர் வந்து, கயிறிழுக்க ஆள் போதாது என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தாயிடமே அவள் அதைக் கொடுத்து நான் கண்டதில்லை.

ஆக, சிந்தனைக்கான இடைவேளை வந்துவிட்டது. கடதாசிக் கோப்பையில் கூழோடு ஒரு மூலையில் அமர்ந்து நாவலைத் திறந்தேன். தொப்பி அன்ரி என் கையிலிருந்து அதை எடுத்து மூடினார்.

“கோயிலடிப் பிள்ளை, வாரும். யானைக்குக் கண் வைக்கப் பொம்பிளையள் காணாது.”

பலகையில் ஒரு கண்ணில்லாத யானை இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்துபோய், அதற்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டு ஒட்ட வேண்டும். துணி கட்டுவதற்கு முன் திசையையும் உயரத்தையும் நிதானமாக அளந்துகொண்டேன். மற்றவர்கள் தட்டுத்தடுமாறியதெல்லாம் இந்த முன்னாயத்தம் இல்லாததால் என்று தோன்றியது. என்னைச் சுழற்றி விட்டார்கள். நான் நிமிர்ந்து, தயங்காமல், ஓர் ஆய்வாளரின் உறுதியோடு நடந்து பொட்டை ஒட்டினேன். யானை வெதுவெதுப்பாக இருந்தது.

துணியை அவிழ்த்தேன். சங்கத் தலைவர் நெற்றியில் பொட்டோடு நின்றார்.

“கோயிலடித் தங்கச்சி எங்கடை தலைவருக்கு நெற்றிக்கண் திறந்துவிட்டிட்டா,” என்றது ஒலிபெருக்கி. “இனிக் கணக்கு வழக்கு கேக்கிற ஆக்கள் கவனம், எரிச்சுப் போடுவார்!”

பூங்காவே சிரித்தது. வகுப்பில் கை உயர்த்தவும் கூசுகிற நான், அங்கே நின்று ஒரு பெரிய மனிதரின் நெற்றியிலிருந்து பொட்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குச் சின்னவள் அழத் தொடங்கினாள். நித்திரை, வெயில், கூழ் எல்லாம் சேர்ந்த அழுகை. “அம்மாட்டைப் போவம்,” என்று பெட்டியால் என் முழங்காலில் அடித்தாள். தூக்கினேன், வளைந்து விழப் பார்த்தாள். கதை சொன்னேன், என் கதைகளில் ஆரம்பம் நீளம். தொப்பி அன்ரி விரைந்து வந்தார்.

“பாவம், பிள்ளை களைச்சுப் போச்சு. வீடு எங்கை, கிட்டத்தானே? என்ரை வான் நிக்குது. ஏறுங்கோ, ஐஞ்சு நிமிசத்திலை கொண்டுபோய் விடுறன்.”

சின்னவள் அழுகையை நிறுத்தி அவரிடம் தாவினாள். அன்ரி கைப்பையிலிருந்து வானின் திறப்பை எடுத்துவிட்டார். எனக்கு பேஸ்மென்டின் கதவு தெரிந்தது. அதைத் தள்ளும் சின்னக் கை தெரிந்தது. அக்காவின் முழங்கால்கள் தெரிந்தன.

“வீட்டை போகேலாது!” என்றேன். என் குரல் அவ்வளவு உரத்ததென்று எனக்கே தெரியாது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். “அக்கா சோதனை எழுதுறா, அன்ரி. இவள் உள்ளுக்குப் போனால் ரத்துப் பண்ணிப்போடுவாங்கள். போன முறையும் இவளாலைதான். நாலு மணி மட்டும் போகவே ஏலாது.”

“இதை முந்தியே சொல்லுறதுக்கென்ன? வாயிலை கொழுக்கட்டையே?” என்றார் அன்ரி. சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு வானுக்குள் ஏறி, ஏசியைப் போட்டு, என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். சற்று நேரத்தில் வானுக்குள் இருவரும் நித்திரை.

அந்தச் செய்தி கூடாரம் கூடாரமாகப் போயிற்று. அதன் பிறகு முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைக் கடக்கும்போது நின்று கேட்டார்கள்: “முடிஞ்சுதோ?” “இன்னும் இல்லை.” “என்ன சோதனை?” “சம்பளக் கணக்கு.” “கஸ்டம்தான்.” நான்கு மணி தாண்டியதும் அக்காவின் குறுஞ்செய்தி வந்தது: முடிந்தது, வாருங்கள்.

இப்போது பிள்ளைகள் வரமாட்டோம் என்றார்கள். மூத்தவளின் அணி இறுதிப் போட்டிக்குப் போயிருந்தது. நடுவிலான் இரண்டாவது சுற்றுப் பணிஸுக்காக வரிசையில் நின்றான். வேறு வழியில்லாமல் அக்காவையே வரச் சொன்னேன்.

அவள் வீட்டுச் செருப்போடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. நித்திரை முறிந்த சின்னவளோடு வானிலிருந்து எழும்பிவந்த தொப்பி அன்ரி அவளைப் பார்த்தவுடனேயே கேட்டார்.

“நீர்தானே சோதனைக்காரி? என்ன மாதிரி?”

“பாஸ்,” என்றாள் அக்கா, யாரென்று தெரியாமலே. “ஸ்கிறீனிலையே காட்டினது.”

“பாஸாம்!” என்று அன்ரி விசிலை ஊதினார். “கோயிலடிப் பிள்ளை பாஸ்!” என்றது ஒலிபெருக்கி. கூடாரங்களிலிருந்து கைதட்டல் வந்தது.

“எந்தக் கோயிலடி?” என்றாள் அக்கா. பதாகையை வாசித்தாள். “நாங்கள் இந்த ஊரே இல்லையே.”



“அது காலமையே தெரியும்,” என்றார் அன்ரி. “எங்கடை ஊரிலை கோயில் சந்தைக்கை நிக்குது. சந்தையடி எண்டுதான் சொல்லுறது. கோயிலடி எண்டு ஒரு இடம் கிடையாது.”

“அப்ப ஏன் அன்ரி ஒண்டும் கேக்கேல்லை?” என்றேன்.

“மூண்டு வயசு ஓட்டத்துக்கு ரெண்டு பிள்ளையள்தான் வந்தது. பரிசு மூண்டு வாங்கிப்போட்டம். மிச்சத்தை நானே கொண்டுபோய் விளையாடுறது?”

அதற்குள் பெண்களின் கயிறிழுத்தலுக்கு அழைப்பு வந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் குறைவு. “கோயிலடி ரெண்டு பேரும் வாங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். முழங்காலைச் சொல்லி அக்கா மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றினாள்.

காலையிலிருந்து ஒரு சத்தமும் எழுப்பக்கூடாது, திரையை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்ற கட்டளைக்குள் இருந்தவள் அவள். விசில் ஊதியதும் அந்த நாளின் சத்தம் முழுவதையும் ஒரே மூச்சில் வெளியே விட்டாள். பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். சின்னவள் தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா கத்துறா!” என்று மகிழ்ச்சியோடு எல்லோருக்கும் அறிவித்தாள். இம்முறை அதைத் தடுக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

நாங்கள் தோற்றோம். முதலில் விழுந்தவள் நான் என்பதையும், துல்லியம் கருதி, இங்கே பதிவுசெய்கிறேன்.